இமை மடிப்பு ஆபரேஷனும் நான் எழுதாமல் விட்டதும்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஜெபா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற மறுநாள் என் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள்தான். "அக்கா, புதுசா ஒரு ஃபாரம் போட்டிருக்காங்க. உங்களுக்கு அனுப்பிருக்கேன். பாத்துட்டு எது விட்டுப்போயிருக்குன்னு சொல்லுங்க" என்றாள். திறந்து பார்த்தேன். 'இரட்டை இமை அறுவை சிகிச்சை உங்களுக்கு ஏற்றதா?' என்று தலைப்பு. கீழே பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். வீட்டில் காபி குடித்துக்கொண்டே போனில் டிக் அடித்தால் போதும். கடைசியில் பச்சையோ சிவப்போ எரியுமாம்.

சும்மா இருக்க முடியாமல் நானும் அடித்துப் பார்த்தேன். வயதில் மட்டும் கொஞ்சம் குறைத்தேன், மற்றதெல்லாம் சத்தியம். பச்சை எரிந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். "பண்ணிட்டு யாருகிட்ட காட்டப் போற?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். முப்பது வருஷம் ஊரார் இமையைப் பார்த்துப் பிழைத்தவளுக்கு வீட்டில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

ஜெபாவிடம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஃபாரத்தில் விட்டுப்போனது என்ன என்று சொல்ல வேண்டுமானால், ஒருமுறை நான் விட்டது என்ன என்று சொல்லியாக வேண்டும். அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கண்ணைத் திறக்கும்போது மேல் இமையில், ரோமத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கோடு விழும். அதுதான் மடிப்பு. நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பிறக்கும்போதே உண்டு. சிலருக்கு இருக்காது. சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும் இருக்கும். சிலருக்கு வயதானபின் தோல் தொங்கி அதை மூடிவிடும். இல்லாத கோட்டைக் கத்தியும் நூலும் வைத்து உண்டாக்குவதுதான் இந்த ஆபரேஷன். கோலம் போடுகிற மாதிரி என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. கோலம் பிடிக்கவில்லையென்றால் தண்ணீர் ஊற்றி அழித்துவிடலாம், இதை அழிக்க முடியாது.

தென்காசியில் இதற்கெல்லாம் ஆள் வருமா என்று கேட்பீர்கள். நன்றாக வரும். கண்புரைக்கு வருகிற கூட்டத்தோடு கூட்டமாக, முகத்தில் பாதியைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, 'என் ஃப்ரெண்டுக்குக் கேக்கேன்' என்று வரும்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாசுதேவநல்லூரில் பிளஸ் டூ, திருநெல்வேலியில் கண் பரிசோதனைக்கு இரண்டு வருஷப் படிப்பு, பிறகு தென்காசியில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் வேலை. சுவரில் எழுத்துப் பலகையை மாட்டி, 'எந்த வரி தெரியுது?' என்று கேட்டே பத்து வருஷம் போய்விட்டது. தெரியாத எழுத்தைத் தெரிந்ததாகச் சொல்கிறவர்களையும், தெரிந்ததைத் தெரியாததாகச் சொல்கிறவர்களையும் நான் கிண்டல் செய்வது வராந்தா வரை கேட்கும். ஒருநாள் பெரிய டாக்டர் கூப்பிட்டு, "சண்முகத்தாய், உனக்கு வாய் ஜாஸ்தி. அத வச்சு உருப்படியா ஏதாவது செய்" என்று சொல்லி, ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளிடம் பேசிக் கேட்டு எழுதுகிற இடத்தில் உட்கார வைத்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள்.

பெரிய டாக்டரின் பெயர் பிச்சையா என்று வைத்துக்கொள்வோம். குள்ளமான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் கடலைமிட்டாய். நோயாளி உள்ளே வந்ததும் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, "சாரல் அடிக்கும்போல இருக்கே" என்பார். வந்தவரும் ஜன்னலைப் பார்ப்பார். அந்த நேரத்தில் பக்கவாட்டிலிருந்து இமையைப் பார்த்துக்கொள்வார். டாக்டர் பார்க்கிறார் என்று தெரிந்தால் எல்லாரும் ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுப்பதுபோலக் கண்ணை விரித்துவிடுவார்களாம், அப்புறம் அளந்து என்ன பிரயோஜனம் என்பார். சித்திரை வெயிலிலும் அவர் சாரலைப் பற்றித்தான் பேசினார். யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அடுத்து, கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுவார். அம்மா, அத்தை, புருஷன், யாராக இருந்தாலும் வெளியேதான். கதவைச் சாத்திவிட்டு ஒரே கேள்வி: "இந்த ஆபரேஷன் யாருக்கு வேணும்?" முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். ஒரு பெண், "எங்க மாமியாருக்கு சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். "அப்ப அவங்கள வரச் சொல்லும்மா, அவங்களுக்கே பண்ணிவிட்டுருவோம்" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனவள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அளவு. டார்ச் அடித்தால் கருவிழியில் ஒரு புள்ளி மின்னும். அந்தப் புள்ளியிலிருந்து இமை விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துப் பார்ப்பார். புருவத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, கீழே பார், மேலே பார் என்று இமை எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார். கீழ் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைப்பார். கண்ணீர் எவ்வளவு தூரம் காகிதத்தை நனைக்கிறது என்பது கணக்கு. கண்ணீர் குறைந்த கண்ணில் கத்தி வைத்தால் ஆயுசுக்கும் மண் விழுந்ததுபோல உறுத்தும். தைராய்டு உண்டா, சர்க்கரை உண்டா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார். காதைக்கூடப் பார்ப்பார். கம்மல் குத்திய இடத்தில் தழும்பு மொச்சைக்கொட்டை அளவுக்கு வளர்ந்திருந்தால், "ஒனக்குத் தழும்பு வளருத தோலு, ரெண்டு தடவ யோசி" என்பார்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு மெல்லிய வளைந்த கம்பியை எடுத்து இமையில் லேசாக அழுத்துவார். அந்த இடத்தில் மடிப்பு விழும். நான் கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். "இப்படித்தான் வரும். பிடிச்சிருக்கா?" என்பார். பாதிப் பேர் 'அய்யே' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஆஸ்பத்திரி முதலாளிக்கு இந்தக் கம்பியின் மேல் தீராத கோபம் இருந்தது.

எனக்கு அவர் போட்டிருந்த உத்தரவு ஒன்றே ஒன்றுதான். "நோயாளி வாயில வந்தத எழுது. ஒன் மூளையில வந்தத எழுதாத." கூட வந்தவர்கள் சொல்வதையும் அப்படியே எழுத வேண்டும், பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் எழுத வேண்டும். என் மூளைக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். சம்பளம் வாங்குகிற மூளை சும்மா இருக்குமா?

ஆபரேஷன் பொருந்திப்போனவர்களும் இருந்தார்கள். புளியறை செக்போஸ்ட் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சிக்கு மேல் இமைத் தோல் தொங்கிக் கருவிழியைப் பாதி மறைத்தது. ஆள் யார் என்று பார்க்க வேண்டுமானால் விரலால் இமையைத் தூக்க வேண்டும். "சிஸ்டர், ஒரு கையில கரண்டி, ஒரு கையில கண்ணு. சட்னிய எந்தக் கையால ஊத்த?" என்று கேட்டார். ஆபரேஷன் யாருக்கு வேண்டும் என்று டாக்டர் கேட்டதும், "எனக்கும் வேணும், என் கடையில சாப்புடுத லாரிக்காரனுக்கும் வேணும்" என்றார். உடனே செய்தார்கள். தையல் பிரிக்க வந்தபோது அண்ணாச்சி முகம் வாடியிருந்தது. என்ன என்று கேட்டேன். "இப்பத்தான் சிஸ்டர் தெரியுது, கடைச் செவுரு அவ்வளவு அழுக்கா இருக்கு. இத்தன வருசமா ஒருத்தனும் சொல்லலியே" என்றார்.

இன்னொருத்தி கல்லூரிப் பெண். கொரியா நாடகங்களாகப் பார்த்துத் தள்ளியவள். அந்த நாட்டு நடிகைகள் இந்த ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள், எனக்கும் வேண்டும் என்று வந்து நின்றாள். டாக்டர் கண்ணாடியை அவள் கையிலேயே கொடுத்தார். "நல்லா பாரு. ரெண்டு கண்ணுலயும் அருமையா மடிப்பு இருக்கு. அவங்க காசு குடுத்து வாங்குதத ஒனக்கு ஒங்கம்மா ஓசியில குடுத்திருக்கா. இன்னொண்ணு போட்டா மூணு இமையாயிரும், பரவால்லியா?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணாடியை என் மேசைமேல் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்த காலத்தில்தான் செல்வி வந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். கீழப்பாவூர்ப் பெண், இருபத்து மூன்று வயது, தனியார் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு டீச்சர். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. நிச்சயதார்த்தத்தைச் சாயங்காலம் வைத்தார்கள். போட்டோ வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். பெண்ணின் இடது கண் சின்னதாகத் தெரிந்திருக்கிறது. கல்யாண ஆல்பத்துக்கு முன்னால் அதைச் சரிசெய்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சரிசெய்யாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்துதான் இருந்தது.

ஆடி மாதம், நல்ல அருவி சீசன். காலை ஒன்பதரைக்கு அம்மாவோடு வந்தாள். அம்மாவின் பெயர் பேச்சியம்மாள். அப்பா எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார், இது பொம்பளைகள் விஷயமாம். டாக்டர் வழக்கம்போலச் சாரலைப் பற்றிப் பேசிவிட்டு அம்மாவை வெளியே அனுப்பினார். யாருக்கு வேண்டும் என்று கேட்டதற்கு, "எனக்குத்தான் சார் வேணும்" என்று செல்வி பட்டென்று சொன்னாள். அதை அவள் வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஸ்கேலை வைத்துப் பார்த்ததில் இடது இமை ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது, மடிப்பு கொஞ்சம் மங்கல். காகிதப் பட்டையை வைத்து உட்கார வைத்துவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்த்தார்.

நான் கதவுக்கு வெளியே என் மேசைக்கு வந்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் பேச்சியம்மாள் என் பக்கம் வந்தாள்.

"சிஸ்டர், ஒரு விசயம் சொல்லணும். இவளுக்குக் காலையில கண்ணு நல்லாத்தான் இருக்கு. பொழுது சாயச் சாயத்தான் சொக்குது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக எல்லாம் 'தூங்குமூஞ்சி மிஸ்'ங்குதாம். போன வாரம் ஐந்தருவிக்குப் போனோம். நல்லா ரொம்ப நேரம் தலையக் குடுத்து நின்னா. குளிச்சு ஏறுனதும் பாக்கேன், ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல இருக்கு! கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிட்டு. அருவித் தண்ணியில மூலிகை ஓடுதுல்லா, அதுவா இருக்குமோ?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "அப்ப ஆஸ்பத்திரிய பூட்டிட்டு அருவிக்கரையில டோக்கன் போட்டுருவோமா?" என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பேச்சியம்மாளும் சிரித்தாள். நான்கு பேர் சிரிக்கும்போது தானும் சிரித்துவைப்பதுதான் மரியாதை என்று நினைக்கிற மனுஷி.

ஆனாலும் விடவில்லை. "செங்கோட்டைப் பக்கம் பரோட்டா வாங்கிக் குடுத்தோம். பாதியிலேயே தாடை வலிக்குன்னு வச்சிட்டா சிஸ்டர்."

"அந்தப் பரோட்டாவுக்கு எனக்கே தாடை வலிக்கும்" என்றேன். மறுபடியும் சிரிப்பு.

உள்ளேயிருந்து செல்வி, "யம்மா, சும்மா இரேன், மானத்த வாங்காத" என்றாள். பேச்சியம்மாள் போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் பேனாவை எடுத்து எழுதினேன்: 'இடது இமை மடிப்பு தெளிவில்லை. திருமணம் நிச்சயமாகியுள்ளது. வேறு புகார் இல்லை.' டாக்டர் ஃபைலை வாங்கிக்கொண்டு, "அம்மா வேற ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்றேன். பொய் சொல்கிறோம் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. அருவியும் பரோட்டாவும் எனக்கு நோயாகப் படவில்லை, அவ்வளவுதான். அடுத்த வியாழக்கிழமை காலை முதல் கேஸாக ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

அந்த வியாழக்கிழமை கரண்டு போனது. ஜெனரேட்டரும் மக்கர் செய்து, சரியாகும்போது மதியம் ஆகிவிட்டது. சர்க்கரைக்காரப் பெரியவர்களைப் பட்டினி போட முடியாது என்று கண்புரைக்காரர்களை முதலில் எடுத்தார்கள். காலையில் முதலாவதாக இருந்த செல்வி சாயங்காலம் நாலரைக்குக் கடைசியாக உள்ளே போனாள். அந்தக் கரண்டுக்காரர்களை அன்று காலை முழுக்க நான் வாயாரத் திட்டினேன். அவர்களுக்கு இன்றைக்கும் நான் ஒரு கும்பிடு கடன்பட்டிருக்கிறேன்.

டாக்டருக்கு ஒரு பழக்கம். படுக்க வைப்பதற்கு முன்னால் நோயாளியை உட்கார வைத்து, தன் கையாலேயே இமையில் பேனாவால் கோடு போடுவார். படுத்தால் தோல் பின்னால் சாய்ந்து அளவு மாறிவிடும். அன்றும் உட்கார வைத்தார். வலது இமையைப் பார்த்து, அதே உயரத்தில் இடது இமையில் மெல்ல நீலக்கோடு இழுத்தார். இழுத்து முடித்ததும் பேனாவை எடுக்காமல் அப்படியே நின்றார். இடது இமை கருவிழியின் நடுப்பகுதி வரை இறங்கியிருந்தது.

"ஃபைல வாசி" என்றார்.

வாசித்தேன். ஒரு மில்லிமீட்டர் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. ஸ்கேலைக் கேட்டு வாங்கி மறுபடியும் அளந்தார். நான்கு. "ஒரு வாரத்துல மூணு மில்லி இறங்குமா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் நின்றேன்.

கதவு பாதி திறந்திருந்தது. பேச்சியம்மாள் அங்கே நின்றபடியே சொன்னாள்: "சாயந்தரமானா இப்படித்தான் சார் ஆவுது. அருவியில குளிச்சா சரியாவுதுன்னு அன்னைக்கே சிஸ்டர்ட்ட சொன்னேனே."

டாக்டர் என்னைப் பார்த்தார். "சொன்னாங்களா?"

"சொன்னாங்க சார்."

"எழுதுனியா?"

"இல்ல சார்."

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "ஐஸ் வாங்கிட்டு வா" என்றார். எதிரே நன்னாரி சர்பத் கடை. அந்த வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. கடைக்காரர் உடைத்துக் கொடுத்த ஐஸை ஒரு கையுறைக்குள் போட்டுக் கட்டி, செல்வியின் மூடிய இடது இமையின் மேல் டாக்டரே வைத்தார். சுவரில் கடிகாரம். இரண்டு நிமிடம். ஐஸை எடுத்துவிட்டு, "கண்ணைத் தெற" என்றார்.

இமை மேலே போயிருந்தது. நீலக்கோடு உள்ளே மடிந்து மறைந்துவிட்டது. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தன. நர்ஸ் ஒருத்தி "யம்மாடி" என்றாள்.

"இப்ப கண்ணு கொட்டாம அந்த லைட்டையே மேல பாரும்மா" என்றார் டாக்டர். அவள் பார்த்தாள். ஒரு நிமிடம் போவதற்குள் இமை தானாகச் சரிய ஆரம்பித்தது. "மெல்லும்போது தாடை சோருமா? சாயந்தரம் பேசும்போது மூக்கால பேசுத மாதிரி வருமா? தண்ணி குடிச்சா பொரையேறுமா?" என்று வரிசையாகக் கேட்டார். செல்வி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பரோட்டா விஷயத்தை நான்தான் சொன்னேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். ஆபரேஷன் இல்லை என்றார். இது இமைத் தோலிலோ மடிப்பிலோ உள்ள குறை இல்லை, நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளாத ஒரு நோய், காலையில் தெம்பாக இருக்கும் தசை போகப் போகச் சோர்ந்துவிடும், குளிர் பட்டால் கொஞ்ச நேரம் வேலை செய்யும், மாத்திரை இருக்கிறது, திருநெல்வேலியில் நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்று தாய்க்கும் மகளுக்கும் புரிகிற மாதிரி சொன்னார். அவர்கள் போன பிறகு என்னிடம் திரும்பினார்.

"இமைய ஏத்தித் தச்சிருந்தா ஆல்பத்துக்கு நல்லா இருந்திருக்கும். பெறவு கண்ணு மூடாது. காஞ்சு புண்ணாகிப் போகும். நாம குடுக்குத மயக்க மருந்துல ஒண்ணு இந்த ஒடம்புக்கு ஒத்துக்காம மூச்சுத் தசையப் பிடிச்சிருந்தா..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

நான் அழுதேன். எனக்கு அழத் தெரியும் என்று அன்றுதான் அந்த ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. ஒரு கடலைமிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு ஃபைலை என் முன்னால் தள்ளினார். "சொல்லுதேன், எழுது. 'அருவியில் குளித்தால் கண் சரியாகிறது. பரோட்டா மென்றால் தாடை வலிக்கிறது. சொன்னவர், நோயாளியின் தாய். கேட்டும் எழுதாதவர், சண்முகத்தாய்.' கையெழுத்துப் போடு." போட்டேன். ஓய்வு பெறும்வரை அந்த ஃபைல் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெடவிருந்தது நான் இல்லை, ஒன்றுமறியாத ஒரு பெண்.

திருநெல்வேலியில் இரத்தப் பரிசோதனை, நெஞ்சுக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்து அதே நோய்தான் என்று உறுதி செய்தார்கள். மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம் செல்வி டாக்டரிடம் காட்ட வந்தாள். வேண்டுமென்றே சாயங்காலம் வரச் சொல்லியிருந்தோம். இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. அவளோடு பேச்சியம்மாளும், பட்டுச்சேலையில் மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார்கள். டாக்டர் அறைக்குப் போவதற்கு முன்னால் அந்த அம்மா நேராக என் மேசைக்கு வந்தார்.

"என்ன நோயின்னு நீங்க சொல்லுங்க. இவங்க மழுப்புதாவ."

"அது நாங்க சொல்லக் கூடாதும்மா. அவங்க சொன்னாத்தான் உண்டு" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் வாய் இரண்டே வாக்கியத்தோடு நின்றது.

செல்வி முன்னால் வந்தாள். "நான் சொல்லுதேன் அத்த" என்று ஆரம்பித்து, நோயின் பெயர், மாத்திரையின் பெயர், எத்தனை வேளை, எத்தனை வருஷம் ஆகலாம் என்று தெரியாது என்பது வரை, நான்காம் வகுப்புக்குப் பாடம் நடத்துவதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பிள்ளை பெறலாம், ஆனால் டாக்டர்கள் பார்வையில் பெற வேண்டும் என்பதையும் அவளே சொன்னாள்.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்றார் அந்த அம்மா.

"மொதல்ல எனக்கே தெரியாது அத்த. நீங்க போட்டோவப் பெருசாக்கிப் பாக்கப் போயித்தான் தெரிஞ்சுது. அதுக்கு ஒங்களுக்கு நன்றி சொல்லணும்." கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னாள்.

"நாங்க வீட்டுல கலந்து யோசிச்சுச் சொல்லுதோம்."

"யோசிங்க. நானும் யோசிக்கேன்" என்றாள் செல்வி. அந்த அம்மா அதை எதிர்பார்க்கவில்லை. பெண் வீட்டிலும் யோசிப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டாக்டரைப் பார்க்காமலே படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று செல்வி என்னிடம் கேட்டாள், "அக்கா, அன்னைக்குக் கரண்டு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" மழுப்பியிருக்கலாம். சொன்னேன். அவள் அம்மா சொன்னதை நான் சிரிப்பாக்கியதையும், எழுதாமல் விட்டதையும், டாக்டரிடம் ஒன்றுமில்லை என்றதையும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றேன். பேச்சியம்மாளிடமும் கேட்டேன். அவள் கூச்சப்பட்டு, "அதுக்கென்ன சிஸ்டர், நான் சொன்னா வீட்டுலயே யாரும் கேக்க மாட்டாவ" என்றாள். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, கூட வந்தவர்கள் சொன்ன எந்தப் பேச்சையும், மாடு முட்டியது முதல் திருஷ்டி கழித்தது வரை, நான் எழுதாமல் விட்டதில்லை. ஜெபா, உன் ஃபாரத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. பன்னிரண்டு கேள்விக்குக் கீழே நாலு விரற்கடை வெற்றிடம் விடச் சொல், அதுபோதும்.

ஆவணி கழிந்து ஒருநாள் பேச்சியம்மாள் தனியாக வந்தாள். கண்ணுக்குக் காட்ட வரவில்லை. என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டில் பதினைந்து நாள் யோசித்துவிட்டு, சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்களாம். கூடவே, இந்த நோய் விஷயத்தைச் சொந்தக்காரர்கள் யாரிடமும் சொல்லக் கூடாது, மாத்திரையை யார் கண்ணிலும் படாமல் போட வேண்டும், டீச்சர் வேலையை விட்டுவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்களாம். செல்வி அதைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னாளாம், வேண்டாம் என்று. அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். நிச்சயச் சேலையைக் கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க வீட்டில் யாருக்கும் துணிவில்லையாம்.

"பெறகு யாரு போனா?" என்று கேட்டேன்.

"நான்தான் போனேன். அவ அப்பா பஸ்ஸ்டாண்டு வரைக்கும் வந்தாவ, பஸ்சுல ஏறலை. நான் மட்டும் போயி, சேலையையும் மோதிரத்தையும் அந்தம்மா கையில வச்சேன்."

"ஏதாவது சொன்னாவளா?"

"அவுக நெறைய சொன்னாவ. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். கடைசியா, 'ஆபரேசனும் வேணாம்னுட்டிய, கல்யாணமும் வேணாம்ங்கிய, என்னதான் நெனைச்சுக்கிட்டு இருக்கிய?'ன்னு கேட்டாவ."

"நீங்க என்ன சொன்னிய?"

பேச்சியம்மாள் மடியிலிருந்த பையை நேராக்கி வைத்துக்கொண்டாள். "ரெண்டும் எம்மவளுக்கு ஒத்து வராதுன்னு சொன்னேன், சிஸ்டர். யாரும் சிரிக்கல."